விடுவித்த செய்தியையும் ஊருக்குச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாமிரபரணிக் கரையில் உள்ள எங்கள் ஊரில் தனியாக வசித்துவந்த 68 வயது அம்மாள் ஒருவர் கடந்த ஆண்டு தம் வீட்டிலேயே கொலை செய்யப்பட்டார். 14 மாதங்கள் ஓடிவிட்டன. அந்த வழக்கில் இன்னும் துப்பு துலங்கவில்லை என்றும், தனிப்படை தொடர்ந்து விசாரித்து வருகிறது என்றும் சென்ற வாரம் தங்கள் நெல்லைப் பதிப்பில் நான்கு வரிச் செய்தி வந்திருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் அந்த அம்மாளின் மகன், தனிப்படை என்று ஒன்று இன்னும் இருக்கிறது என்பதையே அந்த நான்கு வரியிலிருந்துதான் தெரிந்துகொண்டார். கொலையாளியை ஏன் பிடிக்கவில்லை என்று குறைகூற நான் இதை எழுதவில்லை. தடயமும் சாட்சியும் கிடைக்காத வழக்குகள் உண்டு என்பதும், அவற்றில் உழைக்கும் காவலர்கள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால், வழக்கு துலங்காமல் கிடக்கும் அந்தக் காலத்தில் காவல்துறை ஊரோடும் குடும்பத்தோடும் பேசாமல் இருப்பதால் என்னென்ன நேர்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கிளை அஞ்சல் அதிகாரி. ஊரில் யாருக்காவது அரசாங்கக் காகிதம் வந்தால் என்னிடம் கொண்டுவந்து வாசித்துக் காட்டச் சொல்வது இன்றும் வழக்கம். அப்படித்தான் அந்த மகன் முதல் தகவல் அறிக்கையின் நகலை என்னிடம் கொண்டுவந்தார். இறந்துபோன அம்மாள் பீடி சுற்றிப் பிழைத்தவர். அன்று மாலை கடையில் பீடியைக் கணக்குக் கொடுக்க அவர் வராததால்தான் பக்கத்து வீட்டுப் பெண்கள் தேடிப் போனார்கள். கதவு சாத்தியிருந்தது. திண்ணையில் சுளகு இருந்தது. அதில் பாதி வெட்டிய இலையும், கத்தரியும், நூல்கண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. கழுத்தில் கிடந்த சங்கிலி இல்லை. மோப்ப நாய் வந்து ஆற்றுப் பாதை வரை போய் நின்றது, கைரேகை நிபுணர்கள் வந்தார்கள், கதவுக்குப் பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார்கள். முதல் மூன்று நாள்கள் ஊரெல்லாம் காக்கிச் சட்டையாக இருந்தது. நான்காம் நாளிலிருந்து ஒருவரும் வரவில்லை.

போலீசார் பேசாத அந்த நாள்களில் வேறொரு குரல் பேசியது. கொலை நடந்த அன்று இரவே கைப்பேசியில் ஒரு குரல் பதிவு சுற்றத் தொடங்கியது. பேசியவர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "வடக்குத் தெருப் பையங்கதான், பெயிண்ட் அடிக்க வந்தவனுகதான்" என்று அதில் இருந்தது. நம் பக்கத்தில் ஒரு தெருவின் பெயரைச் சொன்னால் அது தெருவின் பெயராக மட்டும் நிற்பதில்லை என்பதை இந்த மாவட்டத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுநாள் அந்தத் தெருவிலிருந்து இரண்டு இளைஞர்களை விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். அவர்கள் ஜீப்பில் ஏறியதை ஊரே பார்த்தது. இரண்டு நாள் கழித்து அவர்களுக்குத் தொடர்பில்லை என்று அனுப்பிவிட்டார்கள், அவர்கள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியதைப் பார்த்தவர் நான்கைந்து பேர்தான். அவர்களுக்கும் இந்தக் கொலைக்கும் தொடர்பில்லை என்று காவல்துறையைச் சேர்ந்த எவரும் ஊரில் எவரிடமும் சொல்லவில்லை. செய்தித்தாளிலும் வரவில்லை. அந்த இருவரில் ஒருவருக்கு நிச்சயித்திருந்த திருமணம் நின்றுபோனது. இன்னொருவர் கேரளத்துக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். அவர் ஊரை விட்டுப் போனதையே குற்றத்துக்குச் சான்றாகப் பேசுகிறவர்கள் இன்றும் டீக்கடையில் இருக்கிறார்கள். முன்பு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது தனித்தனியாகப் போகிறார்கள்.

விசாரணைக்கு அழைப்பது காவல்துறையின் கடமை, அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஒருவரை அழைத்துச் செல்லும் காட்சி ஊருக்குத் தெரிகிறது என்றால், அவரைக் குற்றமற்றவர் என்று கண்டு அனுப்பிய செய்தியும் அதே ஊருக்குத் தெரிய வேண்டாமா? அதைச் சொல்வதால் எந்தப் புலன்விசாரணை கெட்டுப்போகும் என்று எனக்கு விளங்கவில்லை.

பெரிய வழக்குகளிலும் இதையே பார்த்திருக்கிறோம். 2016 ஜூன் 24 காலை சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் மென்பொருள் நிறுவன ஊழியரான ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது, அந்த நிலையத்தில் கண்காணிப்பு கேமராவே இல்லை. கொலையாளி யாரென்று தெரியாத அந்த ஒரு வாரத்தில் குறிப்பிட்ட மதத்தைச் சேர்ந்தவர்தான் செய்தார் என்ற பொய்ச் செய்தி சமூக ஊடகங்களில் எப்படிப் பரவியது என்பது பலருக்கு நினைவிருக்கும். சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு விசாரணையின் போக்கைக் கேள்வி கேட்டது. வழக்கு ரயில்வே காவல்துறையிடமிருந்து மாநகரக் காவல்துறைக்கு மாற்றப்பட்டது. பிறகு ஜூலை 1 இரவு, அன்றைய நம் மாவட்டத்தில், செங்கோட்டை அருகே ஒரு கிராமத்தில் இளைஞர் ஒருவர் கழுத்தில் வெட்டுக் காயத்துடன் கைது செய்யப்பட்டார். அவர் தாமே அறுத்துக்கொண்டார் என்றது காவல்துறை, இல்லை என்றது குடும்பம். செப்டம்பர் 18 அன்று புழல் சிறையில் அவர் இறந்துபோனதால் வழக்கு விசாரணைக்கே வரவில்லை. உண்மை என்ன என்று நீதிமன்றத்தில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு போய்விட்டது. அந்தப் பக்கத்துக் கிராமங்களில் இந்த வழக்கைப் பற்றி இன்று பேச்செடுத்தாலும் இரண்டு கதைகள் சொல்வார்கள்.

2024 மே மாதம் திசையன்விளைப் பக்கம் காங்கிரஸ் மாவட்டத் தலைவர் கே.பி.கே. ஜெயக்குமார் தனசிங் தமது தோட்டத்தில் எரிந்த நிலையில் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டபோதும் அப்படித்தான். அவர் எழுதியவை என்று சொல்லப்பட்ட கடிதங்கள் கைப்பேசிக்குக் கைப்பேசி போயின. கொலையா தற்கொலையா என்பதே தெளிவாகாத நேரத்தில் ஊருக்கு ஊர் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. அந்த மாதமே வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. இத்தகைய மாற்றங்கள் தேவைப்படலாம். திருச்சியில் 2012 மார்ச் 29 அன்று கொல்லப்பட்ட, தி.மு.க.வின் கே.என். நேருவின் தம்பியும் தொழிலதிபருமான ராமஜெயத்தின் வழக்கு உள்ளூர் போலீசிடமிருந்து சிபிசிஐடிக்கும், அங்கிருந்து சிபிஐக்கும், பின்னர் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்கும் கைமாறியதைத் தமிழ்நாடே அறியும். பத்து ஆண்டுகள் கழித்து, தகவல் தருவோருக்கு 50 லட்சம் ரூபாய் வெகுமதி என்று அறிவிக்க வேண்டிவந்தது. செல்வாக்குள்ள அரசியல் குடும்பத்து வழக்கே இப்படியென்றால், பீடி சுற்றிய ஓர் அம்மாளின் மகன் யாரிடம் போய்க் கேட்பார்?

கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி சட்டம் இருக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 193ஆவது பிரிவு, விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாள்களுக்குள் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ காவல் அதிகாரி தெரிவிக்க வேண்டும் என்கிறது. கைப்பேசிச் செய்தியாக அனுப்பினாலும் போதும். இறந்தவரின் வாரிசும் பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்குள் அடங்குவார். எங்கள் ஊர் வழக்கில் 90 நாள்கள் போயின, 200 நாள்கள் போயின, ஒரு குறுஞ்செய்தி வரவில்லை. அந்த மகன் திருப்பூரிலிருந்து மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை நானும் கூடப் போனேன். நிலையத்தில் எங்களை உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், மரியாதைக் குறைவாக யாரும் நடக்கவில்லை. "ஐயா பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க, வந்ததும் சொல்றோம்" என்றார் ரைட்டர். அந்த இளைஞர் ஒவ்வொரு முறையும் முதல் தகவல் அறிக்கை நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவருவார். மடித்து மடித்து அதன் மடிப்புகள் கிழிந்துவிட்டன. புதிய நகல் எடுத்துக்கொள்ளுங்களேன் என்றேன். அந்தத் தாளில்தான் தம் அம்மா பெயர் முத்திரையோடு இருக்கிறது என்றார்.

பந்தோபஸ்து என்பது சாக்கல்ல, உண்மை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில், ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம், ஆகஸ்டில் ஒண்டிவீரன் நினைவு நாள், செப்டம்பரில் நெற்கட்டும்செவலும் பரமக்குடியும், பிறகு குலசேகரப்பட்டினம் தசரா, அக்டோபர் 30 பசும்பொன், திருச்செந்தூர் சூரசம்ஹாரம் என்று தென்மாவட்டக் காவலர் ஒருவரின் ஆண்டு இப்படித்தான் கழிகிறது. கொலை வழக்கின் விசாரணை அதிகாரியும் இந்தப் பட்டியலில் நின்றுகொண்டிருப்பவர்தான். சட்டம் ஒழுங்குப் பணியையும் புலன்விசாரணைப் பணியையும் பிரிக்க வேண்டும் என்று, காவல்துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006ஆம் ஆண்டே உத்தரவிட்டது. அது ஒழுங்காக நடந்திருந்தால் எங்கள் ஊர் வழக்கில் இதுவரை மூன்று ஆய்வாளர்கள் மாறியிருக்க மாட்டார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அந்த மகன் தம் தாய் கிடந்த கோலத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பழைய அதிகாரி போனதையும் புதியவர் வந்ததையும் அவருக்கு யாரும் தெரிவிக்கவில்லை, நிலையத்துப் பலகையில் பெயர் மாறியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்பதை நான் ஏற்கிறேன். கொலையாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரங்களை வெளியே விட்டால், பிற்பாடு பிடிபடுபவர் சொல்வதைச் சரிபார்க்க வழியில்லாமல் போகும். சந்தேக நபரின் படத்தை முன்பே எல்லோருக்கும் காட்டிவிட்டால் அடையாள அணிவகுப்புக்கு மதிப்பிருக்காது. சாட்சியின் பெயர் வெளியானால் அவர் உயிருக்கே ஆபத்து. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றமே, உணர்வுபூர்வமான வழக்குகளுக்கு விலக்கும் அளித்தது. ஆகவே மறைக்க வேண்டியதை மறைக்கட்டும். என் வருத்தமெல்லாம், மறைக்க வேண்டியதைச் சில சமயம் வெளியே விட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருப்பது பற்றித்தான். ஒருவர் கைதானால் அன்று மாலையே அவர் அளித்த "பரபரப்பு வாக்குமூலம்" என்று பத்தி பத்தியாகச் செய்தி வருகிறது. காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் குற்றத்துக்குச் சான்றாகக் காட்ட முடியாது என்று பழைய சாட்சியச் சட்டமும் சொன்னது, புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆவது பிரிவும் சொல்கிறது. நீதிமன்றத்துக்குள் நுழைய முடியாத அந்த வாக்குமூலம் எல்லார் வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிடுகிறது. இத்தகைய போக்கைக் கண்டுதான், காவல்துறை ஊடகங்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு விரிவான நெறிமுறை வகுக்குமாறு 2023 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது.

பேசாமல் இருப்பதால் வழக்குக்கே நஷ்டம் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சம்பவம் உண்டு. கொலை நடந்து எட்டு மாதம் கழித்து, பீடிக் கடைக்குப் போய்வரும் பெண் ஒருவர் என் மனைவியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தில், ஆற்றுப் பாதைத் திருப்பத்தில் முன்விளக்கு எரியாத மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றதைத் தான் பார்த்ததாகச் சொன்னார். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா தெனமும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாக, பேரு வெளிய வந்திரும், எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு" என்றார். பெண்களைச் சாட்சி சொல்லக் காவல் நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆவது பிரிவு சொல்வதையும், சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை 2018இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக்கியதையும் அவருக்கு யார் சொன்னார்கள்? நான் எடுத்துச் சொன்ன பிறகு அவர் சம்மதித்தார். ஒரு பெண் காவலர் வீட்டுக்கே வந்து, அன்பாகவே கேட்டு எழுதிக்கொண்டு போனார். ஆனால் அந்தத் திருப்பத்துக்கு அப்பால் உள்ள கடையின் கேமராப் பதிவு எப்போதோ அழிந்துபோயிருந்தது. இந்தக் கேமராக்களில் பதினைந்து நாளோ ஒரு மாதமோதான் பதிவு நிற்கும், அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். முதல் வாரத்தில் ஓர் அதிகாரி ஊர் மந்தையில் நின்று, "மாலை ஆறு முதல் எட்டு வரை இந்தப் பாதையில் யாரைப் பார்த்தாலும் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது, வீட்டுக்கே வந்து கேட்போம்" என்று சொல்லியிருந்தால் அந்தப் பெண் அன்றே வாயைத் திறந்திருப்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அந்தப் பெண்ணின் பயத்துக்கு வேர் இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தது பழைய நெல்லைச் சீமையில்தான். அவர்களே தரையில் உருண்டு காயப்பட்டார்கள் என்று காவல்துறை முதலில் எழுதியது. பின்னர் சிபிஐ ஒன்பது காவலர்கள்மீது கொலைக் குற்றம் சாட்டிக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதன்பிறகு காவல்துறை சொல்லும் எந்த வாசகத்தையும் இங்குள்ள மக்கள் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறார்கள். 2025 மார்ச்சில் திருநெல்வேலி டவுனில் கொல்லப்பட்ட ஓய்வுபெற்ற காவல் உதவி ஆய்வாளர், தம் உயிருக்கு ஆபத்து என்று முன்பே காணொளியில் சொல்லியிருந்தார் என்பதும் மக்கள் மனத்தில் நிற்கிறது. நேர்மையான பல நூறு காவலர்கள் இந்த அவநம்பிக்கையைத் தோளில் சுமந்துகொண்டுதான் வீடு வீடாக விசாரிக்கப் போகிறார்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் மாநகரக் காவல் ஆணையரும் செய்யக்கூடியவை செலவில்லாதவை. துலங்காத கொலை வழக்கு ஒவ்வொன்றிலும் குடும்பத்துக்குப் பதில் சொல்ல ஓர் அதிகாரியைப் பெயர் சொல்லி நியமிக்கலாம். அவர் மாறினால், மாறினார் என்று ஒரு வரி அனுப்பலாம். 90 நாளில் ஒருமுறை என்பதோடு நிறுத்தாமல், வழக்கு முடியும்வரை ஒவ்வொரு 90 நாளுக்கும் எழுத்தில் தெரிவிக்கலாம். முன்னேற்றம் இல்லை என்றால் இல்லை என்றே எழுதலாம், அதற்காக அந்த மகன் கோபப்பட மாட்டார். வதந்தி கிளம்பிய அன்றே அது பொய் என்று அதே ஊரில், ஒலிபெருக்கியில் சொன்னாலும் சரிதான், சொல்லிவிட வேண்டும். புதன்கிழமைகளில் மனு வாங்குகிறார்கள். அங்கே வரிசையில் நின்று கொடுக்கும் மனுவுக்கு ஏற்பு ரசீதைத் தவிர ஒரு பதிலும் வர வேண்டும்.

தங்களைப் போன்ற நாளிதழ்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இருவர் பிடிபட்டனர் என்ற செய்தியை வெளியிட்ட பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், அவர்கள் தொடர்பில்லாதவர்கள் என்று விடுவிக்கப்பட்ட செய்தியையும் வெளியிடுங்கள். காவல்துறை சொல்லவில்லை என்றால் நிருபர் கேட்டு வாங்கட்டும். "போலீஸ் வட்டாரத்தில் கூறப்படுகிறது" என்று பெயரில்லாமல் வரும் ஊகங்களை, குறிப்பாக இறந்துபோன பெண்ணின் நடத்தையைப் பற்றிய ஊகங்களை, அச்சேற்றாதீர்கள். எங்கள் ஊர் அம்மாளைப் பற்றியும் ஒரு பத்திரிகையில் அப்படி ஒரு வரி வந்தது. அதை அவர் மகன் வாசிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னால் முடியவில்லை.

அடுத்து வரும் கிராம சபைக் கூட்டத்துக்கு விசாரணை அதிகாரியோ அவர் சார்பில் ஒருவரோ வர வேண்டும் என்று ஊராட்சி வழியாகக் கடிதம் அனுப்பியிருக்கிறோம். ஐந்து நிமிடம் போதும். வழக்கு நடக்கிறதா, எந்த எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும், அன்று அழைத்துச் செல்லப்பட்ட இருவருக்கும் இதில் தொடர்பு உண்டா இல்லையா என்ற மூன்றை மட்டும் அவர் சொன்னால் போதும். அம்மாளின் மகன் திருப்பூரிலிருந்து வருகிறார். வடக்குத் தெருக்காரர்களும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேரளத்தில் இருக்கும் அந்த இளைஞரின் தாயார், அன்று அதிகாரி வருவது உறுதிதானா என்று இரண்டு முறை என் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை அஞ்சல் அதிகாரி ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.

(குடும்பத்தாரின் நலன் கருதி ஊர்ப் பெயரையும் என் பெயரையும் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். முழு முகவரியைத் தங்கள் பார்வைக்குத் தனித்தாளில் இணைத்துள்ளேன்.)